டீ வரும்வரை திரும்ப எடுக்கலாம்

எங்கள் மேஜையில் ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. கார்டை வைத்த பிறகு "ஐயய்யோ, தப்பு" என்று தோன்றினால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஆனால் டீ வரும்வரைதான். மாடிப்படியில் டீக்காரர் "சா!" என்று குரல் கொடுத்துவிட்டால் அப்புறம் யார் கெஞ்சினாலும் கிடையாது. வெச்சது வெச்சதுதான்.

கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சின்னப் பிள்ளை விளையாட்டு என்றார்கள். சிரிக்கட்டும். டீக்காரர் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் தொடங்கும் முன்பே கெட்டிலோடு வந்து நிற்பார். இன்னொரு ஞாயிறு எல்லாரும் தலைவலியோடு கிளம்பும்போது வருவார். அந்தப் பதற்றத்தோடு ஒரு கார்டை வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அருமை தெரியும்.

தொண்ணூறுகளின் கடைசியில் வங்கி என்னை மதுரையிலிருந்து தூக்கிக் கல்கத்தாவில் போட்டது. லேக் கார்டன்ஸில் வாடகை வீடு. தனி ஆள். சிங்கப்பூரில் வேலை பார்த்த தம்பி விடுமுறைக்கு வந்தபோது ஒரு அட்டைப்பெட்டி நிறையக் கார்டுகளைக் கொண்டுவந்து, விளையாடக் கற்றுக்கொடுத்து, பெட்டியை என்னிடமே விட்டுவிட்டுப் போனான். ஆளுக்கு ஒரு கட்டு. ஒவ்வொரு கார்டிலும் ஒரு படம் இருக்கும், பூதமோ பறவையோ மந்திரமோ. அது என்ன செய்யும் என்று கீழே நாலு வரி. எதிராளியின் உயிர்ப் புள்ளிகளைக் கரைத்து முடித்தால் ஜெயம். கட்டை நாமே யோசித்துச் சேர்க்க வேண்டும். நம்மிடம் இல்லாத கார்டை இன்னொருவரிடம் பேசி மாற்றிக்கொள்ள வேண்டும். அந்தப் பேரம் இருக்கிறதே, அதுவே பாதி விளையாட்டு.

போனில் அம்மாவிடம் உளறிவிட்டேன். "முப்பது வயசாச்சு, கல்யாணத்தைப் பத்திப் பேச்சில்ல, கையில சீட்டுக்கட்டா? விளங்கிரும்!" என்றாள். சூதாட்டச் சீட்டு இல்லையம்மா என்று எவ்வளவோ சொன்னேன். காது கொடுக்கவில்லை. சரி போ என்று நானும் விட்டுவிட்டேன்.

தம்பி போன பிறகு விளையாட ஆள் வேண்டுமே. கீழ்வீட்டுப் பௌதி மாட்டிக்கொண்டார். பௌதி என்றால் அண்ணி. கல்கத்தாவில் கல்யாணமான பெண் யாராக இருந்தாலும் தெருவுக்கே அண்ணிதான். இவர் பள்ளிக்கூட டீச்சர், வகுப்பையே ஒரு பார்வையில் அடக்குகிறவர். பெட்டியைக் கிளறியபோது ஒரு ஆந்தைக் கார்டு கையில் வர, கண் விரிந்துவிட்டது. அவர்களுக்கு ஆந்தை லட்சுமியின் வாகனம். அன்றிலிருந்து ஆந்தை எங்கே கண்டாலும் வாங்கிக்கொள்வார். அதற்காக எப்பேர்ப்பட்ட கார்டையும் மாற்றிக் கொடுத்துவிடுவார். கடைசியில் அவர் கட்டு முழுக்க ஆந்தைகள். ஜெயிக்கிற கட்டா என்றால் இல்லை. அதைப் பற்றி அவருக்கு அக்கறையும் இல்லை. என்னிடம் பழகி அவர் கற்றுக்கொண்ட ஒரே தமிழ், "வெச்சது வெச்சதுதான்." அதை நீட்டி முழக்கிச் சொல்வதில் அவருக்கு அப்படி ஒரு ஆனந்தம்.

மூன்றாவது ஆள் கார்டன் ரீச்சில் ரயில்வே ஆபீஸில் வேலை பார்த்த கும்பகோணத்துக்காரர். அதிகம் பேசமாட்டார். கிடைக்காத கார்டுகளை ஜெராக்ஸ் எடுத்துப் பழைய சீட்டில் ஒட்டிக்கொண்டு வருவார். "படம் கறுப்பு வெள்ளையா இருந்தா என்ன, அடி ஒண்ணுதானே?" என்பார்.

பாலிகஞ்ச் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு பேட்டைக் கிளப்பின் மாடியில், ஞாயிறுதோறும் இந்த விளையாட்டுக்கென்றே ஒரு கூட்டம் கூடுகிறது என்று கேள்விப்பட்டு மூன்று பேரும் போய்ச் சேர்ந்தோம். பெரும்பாலும் காலேஜ் பையன்கள். மூலையில் பூஜை மேளங்கள் துணி போர்த்திக் கிடக்கும். ஜன்னலோரம் ஒரு மேஜை எங்களுக்கு அமைந்தது. விளையாட்டு பாதி, அரட்டை பாதி. வாத்தியார் வேலையில் பௌதி பட்ட பாடு, ரயில்வே ஆபீஸ் வம்பு, என் மேனேஜரின் கூத்து எல்லாம் கார்டுகளுக்கு நடுவே ஓடும். புதிதாக வருகிறவர்கள் முதலில் எங்கள் மேஜையில்தான் உட்காருவார்கள். தோற்றாலும் சிரித்துக்கொண்டு எழுந்து போகலாம்.

கூட்டத்தை நடத்தியவரை எல்லாரும் தாதா என்றுதான் கூப்பிடுவோம். அண்ணன் என்று அர்த்தம், அடிதடி தாதா இல்லை. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. நம்ம ஊர்ப் பிள்ளைகள் பம்பாய்க்குப் போய்ப் பெரிய போட்டியில் ஆட வேண்டும் என்று அவருக்கு வெறி. அதில் தப்பே இல்லை. அந்தப் பையன்கள் ஆடுவதை நானே வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். மூன்று கார்டு தள்ளி என்ன வரும் என்று யோசித்து ஒரு கார்டை வைப்பார்கள். அழகுதான். எனக்கும் ஜெயிக்கப் பிடிக்கும். பிடிக்காது என்று சொல்கிறவர் யாராவது இருந்தால் அவர் புளுகுகிறார்.

அவர்களிலேயே கெட்டிக்காரன் ஒரு தமிழ்ப் பையன். தாத்தா காலத்திலேயே கல்கத்தா வந்துவிட்ட குடும்பம். அவன் தமிழ் பெங்காலி வாயில் உருண்டு உருண்டு வரும். எஞ்சினியரிங் கடைசி வருஷம். என்னை தீதி என்பான், அதாவது அக்கா. தாதாவின் கனவு முழுக்க அவன் தலைமேல்தான் இருந்தது.

கொஞ்சம் கொஞ்சமாக அறை மாறியது. முதலில் எங்கள் ஜன்னலோர மேஜை "நல்ல வெளிச்சம் வேணும்" என்று பறிபோனது. மேளங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். பிறகு சத்தமாகச் சிரிக்கிறோம் என்று மாடிப்படி முகப்புக்குத் தள்ளப்பட்டோம். ஜெராக்ஸ் கூடாது, ஆட்டத்துக்கு நடுவே பேச்சு கூடாது, இத்தனை நிமிஷத்துக்குள் முடிக்க வேண்டும் என்று வாரம் ஒரு கட்டளை. புதிதாக வந்தவர்கள் ஒரு ஞாயிறு தலை காட்டுவார்கள், மறு ஞாயிறு வரமாட்டார்கள். கடைசியில் ஒரு நாள் தாதா அறிவித்தார். பெங்காலியில்தான் சொன்னார், நான் தமிழில் சொல்கிறேன்.

"அடுத்த மாசத்திலிருந்து இந்த ரூம் ப்ராக்டிஸுக்கு மட்டும்தான். டைம்பாஸ் பண்றவங்க வீட்டுல பண்ணிக்கலாம்."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "கிளப் என்ன உங்க அப்பா கட்டினதா?" என்று கேட்டேவிட்டேன். பௌதி மேஜைக்கு அடியில் என் தொடையைக் கிள்ளினார்.

அந்த மேஜை போனால் எங்களுக்கு வேறு இடம் கிடையாது. வீட்டில் விளையாடலாமே என்று சொல்வது சுலபம். பௌதி வீட்டில் மாமியார், டியூஷன் பிள்ளைகள், அடுப்பில் மீன். கார்டன் ரீச்காரர் இருந்ததோ நாலு பேர் அடைந்து கிடக்கும் ஒற்றை அறையில். எனக்கு வீட்டில் சுவர்தான் துணை. வாரத்தில் ஒரு மத்தியானம், யாருக்கும் சம்பளமோ சாப்பாடோ பதிலோ தர வேண்டியிராத ஒரு மேஜை. அதை விட்டுக் கொடுப்பதா? கொடுக்கமாட்டேன் என்று அன்றே முடிவு செய்துகொண்டேன். எப்படி என்றுதான் தெரியவில்லை.

வழியைத் தாதாவே கொண்டுவந்து தந்தார். பம்பாய்க்கு இரண்டு பேரைத் தேர்ந்தெடுக்கும் போட்டியை எங்கள் கிளப்பிலேயே நடத்த அனுமதி கிடைத்திருந்தது. ஆனால் எட்டுப் பேர் ஆடினால்தான் அது செல்லும். விரட்டி விரட்டி அவர்களிடம் மிச்சம் இருந்தது ஐந்து பேர். எண்ணிப் பார்த்திருக்கிறார். மாடிப்படி முகப்பில் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறோம். தன் கையாலேயே மூன்று மண் கோப்பையில் டீ ஏந்திக்கொண்டு வந்து நின்றார்.

"பேர் மட்டும் குடுங்க. கொஞ்ச நேரம் உக்காருங்க. ஜெயிக்கணும்னு கஷ்டப்பட வேண்டாம்."

சின்ன வயதில் தெருவில் விளையாடும்போது பொடிசுகளைச் சேர்த்துக்கொண்டு ஒப்புக்குச் சப்பாணி என்போமே, அவுட் ஆனாலும் கணக்கில்லை, பிடித்தாலும் கணக்கில்லை, அந்த இடத்தை எங்களுக்குக் கொடுக்கிறார். கோபம் வந்தது. ஆனால் டீயைக் குடித்துக்கொண்டே நிதானமாகச் சொன்னேன்: "பேர் குடுக்கறோம். பதிலுக்கு ஜன்னலோர மேஜை எங்களுக்கு. என்னைக்கும்." எல்லார் முன்னாலும் சரி என்றார்.

போட்டி நாளில் பெங்களூரிலிருந்து ஒரு நடுவர் வந்திருந்தார். மூன்று சுற்று. அசல் கார்டுகள்தான் வேண்டும் என்பதால் கார்டன் ரீச்காரருக்கு என் பெட்டியிலிருந்து கொடுத்தேன். பௌதி என் கட்டில் தன் ஆந்தை ஒன்றைச் சொருகி, "லோக்கி கூட இருக்கட்டும்" என்றார். லட்சுமியை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். மேஜையில் சிந்திவிடும் என்று டீக்காரரை அன்று மாடிக்கு வரவேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். அதைக் கேட்டதும் கார்டன் ரீச்காரர் என் காதில், "அப்ப நம்ம சட்டப்படி இன்னிக்கு நாள் பூரா திரும்ப எடுக்கலாம்" என்றார். சிரிப்பை அடக்கமுடியவில்லை.

ஆனால் முதல் சுற்றில் பௌதி அதையே செய்தார். எதிரே அந்தத் தமிழ்ப் பையன். பௌதி ஒரு ஆந்தையை வைத்தார், உதட்டைக் கடித்தார், பழக்க தோஷத்தில் திரும்ப எடுத்தார். அவன் கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டான். நடுவர் எச்சரித்துவிட்டுப் போனார். பாவம், பதற்றத்தில் பௌதி மறுபடியும் அதையே செய்ய, மறுபடியும் கை தூக்கினான். ஆட்டமே அவனுக்குப் போய்விட்டது. பௌதி ஆந்தைகளை ஒவ்வொன்றாக அடுக்கினார். நான் அடுத்த மேஜையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டப்படி அவன் செய்தது சரி. அதனால்தான் எனக்கு இன்னும் அதிகமாக எரிந்தது.

மூன்றாவது சுற்றுக்கு வந்தபோது நான் ஒன்றில் தோற்று ஒன்றில் ஜெயித்திருந்தேன். அவனும் இரண்டாவது சுற்றில் தோற்றிருந்தான். என்னையும் அவனையும் எதிரெதிரே உட்கார வைத்தார்கள். கட்டைக் கலைப்பதற்கு முன்னால் அவன் குனிந்து மெல்லச் சொன்னான்.

"தீதி, நான் கணக்குப் போட்டுப் பாத்தேன். நீங்க ஜெயிச்சாலும் பாயிண்ட்ல பின்னாடிதான் வருவீங்க, உங்களுக்கு பம்பாய் இல்ல. நான் ஜெயிச்சா எனக்கு ரெண்டாவது இடம். நீங்க விட்டுக் குடுத்திடுங்களேன்? இது ரூல்ல ஓகே. எல்லாரும் பண்றதுதான்."

"விட்டுக் குடுக்கறதுன்னா?"

"தோத்துட்டேன்னு சொல்லிட்டுக் கையெழுத்துப் போட்டாப் போதும். உங்களுக்கு இது சும்மாதானே?"

சும்மா. அந்த வார்த்தையை அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அது எனக்குத் தெரியும். அவர்கள் உலகத்தில் அது மரியாதையான வேண்டுகோள். இருந்தாலும் எனக்கு உச்சந்தலை சுட்டது.

"சும்மா விளையாடறவதான்டா நான். சும்மா தோக்கறவ இல்ல. எங்க ஊர்ல அதுக்குப் பேர் போங்காட்டம். கட்டைக் கலை."

அவன் முகம் சிவந்தது. அதற்குள் தாதா வந்துவிட்டார். நடுவர் காதில் விழாத தூரத்துக்கு என்னை அழைத்துப் போனார். "ஜன்னலோர மேஜை வேணும்னு கேட்டீங்க. ஞாபகம் இருக்கட்டும்" என்றார். இவ்வளவுதான் சொன்னார். எனக்குப் புரிந்துவிட்டது. தோற்றால் மேஜை எங்களுக்கு, ஆடினால் மாடிப்படிகூட இல்லை.

ஒரு நிமிஷம் யோசிக்கத்தான் செய்தேன், பொய் சொல்வானேன். ஒரு கையெழுத்து. பௌதிக்கும் கார்டன் ரீச்காரருக்கும் ஞாயிறு மிஞ்சும். ஆனால் பொய்யாகத் தோற்று வாங்கிய மேஜையில் மறு வாரம் என்ன விளையாடுவது? எங்கள் மேஜையில் நாங்கள் எதையும் கடுமையாக எடுத்துக்கொண்டதில்லை, ஒன்றைத் தவிர. ஆடும்போது எதிரே இருப்பவரிடம் மெய்யாக ஆட வேண்டும். அதுவும் போய்விட்டால் வெறும் டீதான் மிச்சம். பௌதியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தாதா பேசியதைக் கேட்டிருக்க வேண்டும். தலையை மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டினார். விட்டுக் கொடுக்காதே என்று.

போய் உட்கார்ந்தேன். அவன் என்னைவிட நூறு மடங்கு நன்றாக ஆடினான். என் உயிர்ப் புள்ளிகள் மளமளவென்று கரைந்தன. நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஈடு கொடுத்தேன். அவன் பக்கமும் இறங்கிக்கொண்டுதான் வந்தது. அப்போதுதான் அது நடந்தது. சீக்கிரம் முடித்துவிடலாம் என்ற அவசரத்தில், தன்னைக் காத்துக்கொண்டிருந்த பூதத்தையே அடிக்க அனுப்பிவிட்டான். அடிக்கப் போகும் கார்டைப் பக்கவாட்டில் திருப்பிவைக்க வேண்டும், அப்புறம் அது காவலுக்கு நிற்காது. திருப்பிவைத்த அடுத்த கணமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. கை கார்டின் மேலேயே நின்றது. அவன் கேட்கவில்லை. கேட்க மாட்டான், அவன் சட்டத்தில் அதற்கு இடமில்லை. காலையில் அதே குற்றத்துக்காகக் கை தூக்கியவன் அவன்தானே.

"எடுத்துக்கோ. டீ இன்னும் வரல" என்றேன்.

அவன் விழித்தான். பின்னால் நின்ற நடுவர் ஆங்கிலத்தில், அப்படியெல்லாம் முடியாது, நீங்கள் சம்மதித்தாலும் செல்லாது என்றார்.

"ஆட்டத்தையே விட்டுக் குடுக்கலாமாம், ஒரு கார்டை விட்டுக் குடுக்கக் கூடாதாம்! நல்லா இருக்குய்யா உங்க நியாயம்!" என்று தமிழிலேயே கத்தினேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எதிரே இருந்தவனுக்கு முழுக்கப் புரிந்தது. கார்டிலிருந்து கையை எடுத்தான்.

"வேணாம் தீதி. நீங்க ஆடுங்க."

அதைக் கேட்டதும் முதல்முறையாக அவன்மேல் எனக்கு மரியாதை வந்தது. அதற்காகக் கையைத் தளர்த்தவில்லை. காவல் இல்லாமல் நின்ற அவனை அடிக்க என் பக்கம் மிஞ்சியிருந்தது பௌதியின் ஆந்தை ஒன்றுதான். அனுப்பினேன். அவன் கடைசிப் புள்ளிகளும் போயின. உடனே பௌதி, துர்கா பூஜைப் பந்தலில் நிற்பதுபோல், ஊளை மாதிரி ஒரு குலவை விட்டார். பெங்காலிப் பெண்கள் பூஜைக்கு எழுப்பும் அதே சத்தம். நடுவர் திடுக்கிட்டுப் போனார்.

தாதா என்னிடம் வந்து, "இப்ப மேஜை?" என்றார்.

"நீங்க கேட்டது பேரு. பேர் குடுத்தாச்சு. தோத்துத் தர்றேன்னு இங்க எவளும் சொல்லல" என்றேன்.

பம்பாய்க்கு வேறு இரண்டு பேர் போனார்கள். கீழே இறங்கும்போது அந்தப் பையன் கடைசிப் படியில் முழங்கால்மேல் தலைவைத்து உட்கார்ந்திருந்தான். எனக்குப் பாவமாக இருந்தது. ஆறுதல் சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை. என்ன சொல்வது? மன்னித்துக்கொள் என்றா? நான் ஒன்றும் தப்பு செய்யவில்லை. இன்றைக்கு அவன் எதிரே உட்கார்ந்து அதையே கேட்டாலும் கட்டைக் கலைடா என்றுதான் சொல்வேன்.

அடுத்த ஞாயிறு நாங்கள் மூன்று பேரும் லேக் கார்டன்ஸ் ஸ்டேஷனில் சந்தித்து ஒரே ரயிலில் போனோம். வழியெல்லாம் கார்டன் ரீச்காரர், "கதவை அடைச்சுட்டா என்னம்மா பண்றது?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். "தட்டறது" என்றேன். கதவு திறந்துதான் இருந்தது. ஜன்னலோர மேஜையில் அவர்களுடைய ஆட்டத் துணி விரித்திருந்தது. நான் அதை மடித்துப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். பௌதி உட்கார்ந்தார். கார்டன் ரீச்காரர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். தாதா இடுப்பில் கை வைத்துக்கொண்டு எங்களையே பார்த்தார். நானும் பார்த்தேன்.

அந்த நேரம் அந்தத் தமிழ்ப் பையன் உள்ளே வந்தான். எங்கே போய் உட்காரப் போகிறான் என்று மொத்த அறையும் அவனைப் பார்த்தது. நேராக எங்கள் மேஜைக்கு வந்து, நாலாவது நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பௌதிக்கு எதிரே உட்கார்ந்தான். தாதா ஏதோ சொல்ல வாயெடுத்தார். "இன்னிக்கு ப்ராக்டிஸ் இல்ல, தாதா" என்று திரும்பாமலே பெங்காலியில் சொன்னான். தாதா இடுப்பிலிருந்து கையை எடுத்தார். அந்த மேஜையைப் பற்றி அதன் பிறகு அவர் பேசவே இல்லை. எனக்கு மாற்றல் வரும்வரை அது எங்களுடையதாகவே இருந்தது.

பௌதி அவன் முகத்தைப் பார்க்காமல் ஆந்தைகளைக் கலைத்தார். ஆட்டம் பாதி நடந்திருக்கும். அவன் ஒரு கார்டை வைத்தான், நாக்கைக் கடித்தான். கை கார்டை நோக்கி மெல்ல நகர்ந்தது. பாதி வழியில் நின்று, பௌதியைப் பார்த்து, "எடுத்துக்கலாமா?" என்பதுபோலப் புருவத்தைத் தூக்கினான்.

மாடிப்படியில் "சா!" என்று குரல் கேட்டது.

பௌதி அவன் கார்டின் மேல் தன் உள்ளங்கையை அழுத்தி வைத்தார். அன்று முதன்முறையாக அவனை நிமிர்ந்து பார்த்து, நீட்டி முழக்கித் தமிழில் சொன்னார்:

"வெச்சது வெச்சதுதான்."